மேட்டு ஷெட் கணக்கு பள்ளத்துக்கு எப்படிப் போய்ச் சேரும்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றுக்கே பக்கத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அது எங்கள் ஊர்ப் பக்கத்துக் கேள்வி. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் சொல்லிக்கொடுக்கப் போவதற்கு வெகு காலம் முன்பே, பத்து வயதில் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் கால் கடுக்க நடந்து நான் பார்த்த கேள்வி. அதையே தொட்டு இன்னும் சிலரும் எழுதியிருந்ததால், இந்த முறை எல்லாக் கேள்வியும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான்.

கேள்வி: எங்கள் ஹட்டியை (படுகர் சிற்றூர்) சுற்றி மேடு, பாலம், கோயில், பள்ளம் என்று நான்கு இடங்களில் ஷெட் போட்டுப் பச்சைத் தேயிலை எடை போடுகிறோம். எல்லோரும் சிறு விவசாயிகள். ஷெட்டுக்கு ஒரு டேப்லெட் இருக்கிறது. செயலி செய்து கொடுத்தவர்கள், எல்லாம் தானாகக் கிளவுடில் ஏறிவிடும் என்றார்கள். சிக்னல் மேட்டு ஷெட்டில் மட்டும்தான் கிடைக்கும், மழை நாளில் அதுவும் இல்லை. ராத்திரி கணக்குப் பார்த்தால் ஒருவருடைய இலை இரண்டு முறை ஏறியிருக்கிறது, இன்னொருவருடையதைக் காணவே காணோம். கோவையில் பொறியியல் படிக்கும் என் தங்கை, தகவலை மையமாக வைத்த வலையமைப்பு என்று ஒன்று உண்டு, அதில் இந்தச் சிக்கலே வராது என்கிறாள். உண்மையா அம்மா?
– கோத்தகிரி அருகிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தங்கை சொன்னது பாதி சரி, தம்பி. சிக்கல் அங்கேயும் வரும். ஆனால் வந்தால் எங்கே பிடிப்பது என்று தெரியும்.

முதலில் இப்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உங்கள் டேப்லெட் ஒவ்வொன்றும் எங்கோ தொலைவில் இருக்கும் ஒரே ஒரு கணினியைத்தான் தேடுகிறது. பாலத்து ஷெட்டில் 38 கிலோ என்று பதிகிறீர்கள். அந்தக் கணினி அதை வாங்கிக்கொண்டு 'சரி' என்று பதில் சொல்வதற்குள் சிக்னல் அறுந்துவிடுகிறது. 'சரி' வரவில்லையே என்று டேப்லெட் மறுபடி அனுப்புகிறது. அந்தப் பக்கத்துக்கு அது புதுப் பதிவு. 38 கிலோ 76 கிலோ ஆகிவிடுகிறது. காணாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்: இரண்டு டேப்லெட் ஒரே வரிசை எண்ணைப் போட்டிருக்கும், பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்திருக்கும்.

இதில் என் மனதை அறுப்பது வேறொன்று. உங்கள் பாலத்து ஷெட்டும் கோயில் ஷெட்டும் கூப்பிடு தூரத்தில் இருப்பதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு டேப்லெட்டிலும் வைஃபை இருக்கிறது. ஆனாலும் பாலத்தின் கணக்கு கோயிலுக்குத் தெரிய வேண்டுமென்றால் அது மலையிறங்கி, கடல் தாண்டிக்கூட போய்த் திரும்பி வர வேண்டியிருக்கிறது. நடுவில் ஒரு கம்பி அறுந்தால் அண்டை வீடும் அந்நியம்.

தகவலை மையமாக வைத்த வலையமைப்பு கேட்கிற முறையையே மாற்றுகிறது. இன்றைய இணையத்தில் 'இந்த முகவரியில் இருக்கும் கணினியோடு பேச வேண்டும்' என்று கேட்கிறோம். அதில் 'இந்தப் பெயருள்ள தகவல் வேண்டும்' என்று கேட்கிறோம். யார் கொடுத்தால் என்ன? 1980களின் பிற்பகுதியில் இணையம் நெரிசலில் திணறியபோது அதற்கு மருந்து கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் வான் ஜேக்கப்சன். 1988ல் வந்த அவருடைய கட்டுரையைப் படிக்காமல் இந்தத் துறையில் யாரும் தேற முடியாது. அதே மனிதர் 2006ல் ஒரு பேருரையில், கணினியோடு கணினி பேசுவது என்ற எண்ணத்தைத் தாண்டி வர வேண்டிய காலம் வந்துவிட்டது என்று வாதாடினார். 2009ல் கலிபோர்னியாவின் பார்க் (PARC) ஆய்வகத்திலிருந்து அவரும் சக ஆய்வாளர்களும் முழு வடிவத்தை வெளியிட்டார்கள். 2010ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுக்க, லிக்சியா சாங் தலைமையில் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 'நேம்டு டேட்டா நெட்வொர்க்கிங்' என்ற திட்டம் கிளம்பியது. சுருக்கமாக என்.டி.என்.

அதில் ஓடுவது இரண்டே வகைப் பொட்டலம். ஒன்று கேட்பு, இன்னொன்று தரவு. கேட்பில் முக்கியமாக இருப்பது பெயர்தான். உங்கள் ஊருக்கு வைத்துச் சொன்னால் '/ஹட்டி/மேடு/எடை/47'. வழியில் இருக்கும் ஒவ்வொரு கணுவும், அதாவது வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவியும், மூன்று விஷயம் பார்க்கும். இந்தத் தரவு என் கையிலேயே இருக்கிறதா? இருந்தால் கொடுத்துவிடும். இல்லையென்றால், இதையே வேறு யாராவது கேட்டு நான் ஏற்கெனவே மேலே அனுப்பியிருக்கிறேனா? அனுப்பியிருந்தால் 'இவருக்கும் வேண்டும்' என்று மட்டும் குறித்துக்கொள்ளும். இரண்டும் இல்லையென்றால்தான் அடுத்த கணுவுக்கு அனுப்பும். தரவு, கேட்பு வந்த தடத்தைப் பிடித்தே திரும்பி வரும். பெயர் ஒன்றென்றால் பொருளும் ஒன்று. அதனால் மேட்டு ஷெட்டின் 47ஆம் சீட்டு ஐந்து வழியில் வந்து சேர்ந்தாலும் அது ஒரே சீட்டுதான், 76 கிலோ ஆகாது.

சரி, பெயர் தெரிந்தால் கேட்கலாம். மேட்டில் 47ஆம் சீட்டு எழுதியாகிவிட்டது என்று பள்ளத்துக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் ஒத்திசைவு வருகிறது. பொறியியல்காரர்கள் 'சிங்க்' என்பார்கள். எல்லாக் கணுவுக்கும் 'இதுவரை என்னென்ன உண்டாகியிருக்கிறது' என்பது ஒன்றுபோலத் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் குறைந்த செலவில். அதற்குமேல் தரவை எடுத்துக்கொள்வது எளிது.

இதற்கு எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. மாலையில் பள்ளத்து ஷெட்டில் எடை போட்டுச் சீட்டு எழுதுவதும் அவர்தான். தொங்கு தராசில் சாக்கைக் கொக்கியில் மாட்டி, முள் நிற்கும்வரை காத்திருந்து, ஈரத்துக்குக் கழித்து, கார்பன் தாள் வைத்து எழுதுவார். ஒவ்வொரு ஷெட்டுக்கும் தனிச் சீட்டுப் புத்தகம், 1லிருந்து எண். எல்லா ஷெட்டிலும் எல்லாருடைய கணக்கும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏனென்றால் அன்றைக்கு எந்தத் தடத்தில் லாரி வரும் என்று சொல்ல முடியாது. சீட்டின் நகலைச் சுமந்து ஷெட் ஷெட்டாக ஓடுவது என் வேலை.

ஆரம்பத்தில் மொத்தத்தைத்தான் ஒப்பிட்டார்கள். பள்ளத்தில் 1,214 கிலோ, மேட்டில் 1,177 கிலோ. 37 கிலோ இடிக்கிறது. எந்தச் சீட்டு? பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நாலு பேர் உட்கார்ந்து அத்தனை சீட்டையும் ஒவ்வொன்றாகப் புரட்டுவார்கள். ஒரு நாள் பதினோரு மணி ஆகிவிட்டது. ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டுகிறது, படித்துச் சொல்பவர் குரலே கேட்கவில்லை.

அதற்கப்புறம் அப்பா ஒரு துண்டுத் தாளில் நாலு எழுத்தும் நாலு எண்ணும் மட்டும் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். 'மே 46, பா 31, கோ 19, ப 28.' எங்களிடம் மேட்டுச் சீட்டு 46 வரை, பாலத்துச் சீட்டு 31 வரை, கோயில் 19 வரை, எங்கள் சொந்தச் சீட்டு 28 வரை இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேட்டு ஷெட்டுக்காரர் நின்றபடியே பார்ப்பார். "பாலம் எங்ககிட்ட 34 இருக்கு பாப்பா, உனக்கு 32, 33, 34 வேணும். உங்கது எனக்கு 25 வரைக்கும்தான் இருக்கு, 26லேர்ந்து குடு." அவ்வளவுதான். மூன்று சீட்டு வாங்கி மூன்று சீட்டு கொடுத்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு.

ஒரு மாலை கோயில் ஷெட்டுக்குப் போகும் பாதையில், சில்வர் ஓக் மரத்தடியில் காட்டெருமை நின்றுகொண்டிருந்தது. தனி ஆண். அது நகருவதாக இல்லை. நான் திரும்பிப் பாலத்து ஷெட்டுக்குப் போனேன். அவர்களிடம் கோயில் சீட்டு 22 வரை இருந்தது. அங்கிருந்த அண்ணன் படித்துச் சொல்ல, 20, 21, 22ஐ எழுதிக்கொண்டு வந்தேன். கோயில் ஷெட்டுக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை.

உங்கள் நான்கு டேப்லெட்டும் செய்ய வேண்டியது இதைத்தான். ஒவ்வொன்றும் தன் பெயரில் தானே 1, 2, 3 என்று எண் போடட்டும். பக்கத்தில் எந்த டேப்லெட் அகப்பட்டாலும் அந்த நாலு எண்ணைக் காட்டட்டும். இலை ஏற்ற வரும் வண்டி ஓட்டுநரின் போனிலும் அதே செயலி இருக்கட்டும். அவர் ஷெட் ஷெட்டாகப் போகும்போது போன் தானே வாங்கிக்கொண்டு தானே கொடுத்துவிடும். சிக்னல் உள்ள இடத்தில் எது நின்றாலும் எல்லாருடையதும் சேர்ந்து மேலே ஏறும். இதற்காக என்.டி.என். உலகமெங்கும் பரவும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு அது ஆராய்ச்சிக் களத்தில், பெரும்பாலும் இப்போதைய இணையத்தின் மேலேயே ஏறி ஓடுகிறது. பெயர் வைக்கும் ஒழுங்கையும் எண் காட்டும் ஒழுங்கையும் மட்டும் கடன் வாங்கினால் போதும். உங்கள் செயலியைச் செய்தவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: என்.டி.என். ஒத்திசைவுதான் என் இறுதியாண்டு புராஜெக்ட். குரோனோசிங்க், பிசிங்க், ஸ்டேட் வெக்டர் சிங்க் என்று ஒவ்வொன்றும் தானே திறமையானது என்கிறது. எதை எடுத்துக்கொள்வது மேடம்?
– உதகையிலிருந்து ஒரு மாணவி

பதில்: நல்ல கேள்வி. எது திறமை என்று நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டும். எத்தனை பொட்டலம் போகிறது என்று எண்ணலாம். ஒவ்வொன்றும் எத்தனை பைட் என்று அளக்கலாம். தொடர்பு அறுந்து ஒட்டிய பிறகு எல்லாரும் ஒரே நிலைக்கு வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்கலாம். மலைக்கு மூன்றாவதுதான் முக்கியம் என்பது என் கட்சி. இங்கே அறுவது விதிவிலக்கில்லை, தினசரி நடப்பு.

முதலில் வந்தவர்கள் பெயர்களை மரமாக அடுக்கி, கிளைக்குக் கிளை ஒரு சுருக்க எண் (உள்ளே இருப்பது மாறினால் தானும் மாறும் சிறு அடையாள எண்) கணக்கிட்டு, வேரிலிருந்து ஒப்பிட்டுக்கொண்டே இறங்கினார்கள். வேறுபடும் கிளை கிடைக்கும்வரை படிக்குப் படி போய்வர வேண்டும். மெதுவான இணைப்பில் ஒவ்வொரு படியும் ஒரு காத்திருப்பு.

2013ல் குரோனோசிங்க் வந்தது. அதில் ஒரு அழகு இருக்கிறது, அதை ரசிக்காமல் தாண்டிப் போகக் கூடாது. ஒவ்வொரு கணுவும் தனக்குத் தெரிந்த முழு நிலையையும் ஒரே சுருக்க எண்ணாக்கி, அதையே கேட்பின் பெயரில் வைத்து எல்லாருக்கும் அனுப்புகிறது: 'என் நிலை இது, இதைத் தாண்டிப் புதிதாக ஏதாவது உண்டா?' எல்லாரும் ஒரே நிலையில் இருந்தால் எல்லாக் கேட்புக்கும் பெயர் ஒன்றே. முன்னே சொன்னேனே, ஒரே பெயரை இருவர் கேட்டால் கணு ஒரு முறைதான் மேலே அனுப்பும் என்று. அதனால் நூறு பேர் காத்திருந்தாலும் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு கேட்புதான் நிலுவையில் நிற்கிறது. யாராவது புதிதாக ஒன்றை உண்டாக்கினால் அந்த நிலுவைக் கேட்புக்குப் பதிலாக அது போகிறது, நூறு பேருக்கும் போய்ச் சேருகிறது. அமைதியான நாளில் இதைவிடச் சிக்கனம் இல்லை.

சங்கடம் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதும்போது வருகிறது. ஒரு கேட்புக்கு ஒரு தரவுதான் திரும்பும் என்பது என்.டி.என். விதி. மேட்டின் 47ஐ மலையின் ஒரு பக்கத்தார் வாங்கிக்கொள்கிறார்கள், பள்ளத்தின் 29ஐ இன்னொரு பக்கத்தார் வாங்கிக்கொள்கிறார்கள். இப்போது இரு பக்கத்தின் சுருக்க எண்ணும் வேறு வேறு. அந்தப் பக்கத்து எண்ணைப் பார்த்தால் இந்தப் பக்கத்துக்கு ஒன்றும் புரியாது, ஏனென்றால் சுருக்க எண் 'வேறுபடுகிறது' என்று சொல்லுமே தவிர எதில் வேறுபடுகிறது என்று சொல்லாது. எங்கள் 1,214, 1,177 கதைதான். கொஞ்ச நேரம் காத்திருந்து, தனியாக மீட்புக் கேட்பு அனுப்பி, முழு நிலையையும் வாங்க வேண்டியிருக்கிறது. பிணக்கைத் தீர்க்க அது நம்பியிருந்த 'இதைத் தவிர மற்றது' என்று கேட்கும் வசதியும் பின்னாள் பொட்டல வடிவத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

அடுத்தது தலைகீழாக்கக் கூடிய புளூம் வடிகட்டி. 2014ல் ஐசிங்க் என்ற ஒத்திசைவு முறை அதைக் கொண்டுவந்தது, 2017ல் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பிசிங்க்கில் பயன்படுத்தினார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மொத்தத்தை ஒப்பிடும் அதே வேலைதான், ஆனால் கெட்டிக்காரத்தனமாக. நம் இரண்டு மொத்தத்துக்கும் 37 கிலோ வித்தியாசம், விட்டுப்போனது ஒரே ஒரு சீட்டு என்று உறுதியாகத் தெரிந்தால், அந்தச் சீட்டு 37 கிலோ என்று புரட்டாமலே சொல்லிவிடலாம். இரண்டு சீட்டு விட்டுப்போயிருந்தால் முடியாது. அதனால் சீட்டுகளைப் பல கட்டாகப் பிரியுங்கள், ஒவ்வொரு சீட்டையும் மூன்று கட்டில் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் எத்தனை சீட்டு, மொத்தம் எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள். அந்தப் பக்கத்தார் தங்கள் கட்டிலிருந்து கழிக்கிறார்கள். இருவரிடமும் இருப்பவை அடிபட்டுப் போய்விடும். ஏதாவது ஒரு கட்டில் ஒரே ஒரு சீட்டு மட்டும் மிஞ்சியிருக்கும், அது எது என்று தெரிந்துவிடும். அதை அது இருந்த மற்ற இரண்டு கட்டிலிருந்தும் கழித்தால் அங்கே இன்னொன்று தனியாக மிஞ்சும். வெங்காயம் உரிப்பது போல உரித்துக்கொண்டே போகலாம். உண்மையான வடிகட்டியில் கூட்டலுக்குப் பதில் எக்ஸ்-ஆர் என்ற கணக்கு, சரிபார்க்க இன்னொரு சுருக்க எண், அவ்வளவே வேறுபாடு.

இதன் பெருமை என்ன தெரியுமா? இருவரிடமும் பத்து லட்சம் சீட்டு இருக்கட்டும், வித்தியாசம் 20 என்றால் அனுப்ப வேண்டிய கட்டின் எண்ணிக்கை அந்த 20ஐப் பொறுத்ததுதான். வித்தியாசத்தைப் போலச் சுமார் ஒன்றரை மடங்கு, வித்தியாசம் சிறிதாக இருந்தால் விகிதம் இன்னும் கொஞ்சம் கூடும். 2011ல் எப்ஸ்டைன், குட்ரிச், உயேதா, வர்கீஸ் நால்வரும் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அதை அவசியம் படியுங்கள். பிசிங்க்கில் இன்னொரு வசதியும் உண்டு. 'எனக்கு மேடும் பாலமும் மட்டும் போதும்' என்று பகுதி ஒத்திசைவு கேட்கலாம். கொடுப்பவர் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை, கேட்பவரே தன் பழைய வடிகட்டியைக் கையோடு கொண்டுவருகிறார்.

குறை? கட்டின் எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். 20 வித்தியாசத்துக்கு அளவெடுத்துத் தைத்த வடிகட்டியில், ஒரு வாரம் அறுந்து கிடந்து 500 வித்தியாசம் வந்தால், எந்தக் கட்டிலும் தனிச் சீட்டு மிஞ்சாது. உரிக்கவே முடியாது. மலையில் இது கட்டாயம் நடக்கும்.

அப்புறம் ஸ்டேட் வெக்டர் சிங்க். இது அப்பாவின் துண்டுத் தாளேதான். யார், எதுவரை என்ற பட்டியலை அப்படியே கேட்பில் வைத்து எல்லாருக்கும் அனுப்புகிறது. பதில் தேவையில்லை. வாங்கியவர் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு எண்ணில் பெரியதை எடுத்துக்கொள்கிறார். யாரும் எதுவும் எழுதாத நேரத்திலும் சுமார் 30 விநாடிக்கு ஒரு முறை பட்டியல் போகும். பழைய பட்டியல் ஒன்றைக் கேட்டவர் உடனே கத்துவதில்லை. ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவில், ஆளுக்கு ஆள் மாறும் இடைவெளி காத்திருப்பார். அதற்குள் வேறொருவர் புதிய பட்டியலைச் சொல்லிவிட்டால் இவர் பேசாமல் இருந்துவிடுவார்.

இதில் நடுவில் நாலு பொட்டலம் தொலைந்தாலும் நஷ்டமில்லை, ஐந்தாவதில் எல்லாம் அடங்கிவிடும். ஒரு வாரம் அறுந்து கிடந்தாலும் ஒட்டிய உடனே ஒரே பட்டியலில் எது குறைகிறது என்று தெரிந்துவிடும். மீட்புக்கென்று தனி ஏற்பாடே கிடையாது. இந்தச் சிந்தனை புதிதல்ல. பிரிந்து கிடக்கும் நகல்களின் பிணக்கைக் கண்டுபிடிக்க இப்படி எண் பட்டியல் வைப்பது 1983லேயே வந்துவிட்டது. குறை என்னவென்றால் ஆள் கூடக் கூடப் பட்டியல் நீளும். ஒரு பெயருக்கும் எண்ணுக்கும் சேர்த்து 20 பைட் வைத்துக்கொண்டால் நான்கு ஷெட்டுக்கு 80 பைட், 400 பேருக்கு 8,000 பைட். என்.டி.என். பொட்டலத்தின் நடைமுறை எல்லை 8,800 பைட். அதற்கு மேல் போனால் பட்டியலைத் துண்டாக்க வேண்டும், குழுவைப் பிரிக்க வேண்டும்.

என் தேர்வு கேட்டீர்கள். உறுப்பினர் நூறுக்குள், இணைப்பு நிச்சயமில்லை என்றால் ஸ்டேட் வெக்டர். இணைப்பு உறுதியாக இருந்து பெயர்கள் ஆயிரக்கணக்கில் போனால் பிசிங்க். குரோனோசிங்க்கை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் மறக்காமல் செய்யுங்கள். மினி-என்.டி.என்., என்.டி.என்.சிம் என்ற சோதனை மென்பொருள்களில் ஒன்றில் நான்கு கணு வைத்து, நடு இணைப்பை அரை மணி நேரம் அறுத்து, இரு பக்கமும் எழுத விடுங்கள். பிறகு ஒட்டி, அந்த விநாடியிலிருந்து எல்லாரும் ஒரே நிலைக்கு வரும்வரை போன பொட்டலங்களை எண்ணுங்கள். சாதாரண ஓட்டத்தில் எடுத்த வரைபடத்தில் மூன்றும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும்.

கேள்வி: இத்தனை சுற்று எதற்கு? வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே?
– குன்னூர் வாசகர்

பதில்: சிக்னல் இருந்தால் தெரியும். இல்லாதபோது பக்கத்து மேசையில் இருக்கும் போனுக்குக்கூடப் போகாது, ஏனென்றால் செய்தி அந்த நிறுவனத்தின் கணினி வழியாகத்தான் போக வேண்டும். இன்னொன்று, குழுவில் 112 செய்தி வந்த நாளில் எது விட்டுப்போனது என்று நீங்கள்தான் கண்ணால் தேட வேண்டும்.

கேள்வி: என் தோட்டத்து எடை வண்டி ஓட்டுநரின் போனிலும் பக்கத்து ஷெட்டிலும் போய் உட்கார்ந்துகொண்டால், யாராவது 52ஐ 25 ஆக்கிவிட மாட்டார்களா? ஏற்கெனவே ஒருமுறை எடையில் ஏமாந்தவன் நான்.
– குந்தா பக்கத்து விவசாயி

பதில்: உங்கள் பயம் நியாயமானது. 52 கிலோ இலை என்றால் அது ஒரு குடும்பத்தின் முழு நாள் உழைப்பு, குனிந்த முதுகு.

இதற்கு என்.டி.என். சொல்லும் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. இன்றைய இணையத்தில் குழாயைத்தான் பூட்டுகிறோம்: உங்கள் போனுக்கும் வங்கிக் கணினிக்கும் நடுவில் பூட்டிய குழாய். தரவு குழாயை விட்டு வெளியே வந்ததும் அதற்குக் காவல் இல்லை. என்.டி.என்.னில் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் பிறக்கும்போதே கையெழுத்தோடு பிறக்கிறது. பெயர், உள்ளடக்கம் இரண்டையும் சேர்த்து எழுதியவரிடம் மட்டுமே இருக்கும் ரகசிய எண்ணான மறைச்சாவியால் ஒப்பமிடப்படுகிறது. பொட்டலம் ஓட்டுநர் போனில் ஒரு வாரம் கிடந்தாலும், நாலு ஷெட் சுற்றி வந்தாலும், வாங்குபவர் அந்தக் கையெழுத்தைச் சோதித்துப் பார்ப்பார். 52ஐ 25 ஆக்கினால் கையெழுத்து பொருந்தாது, தூக்கிப் போட்டுவிடுவார். சுமப்பவர் நல்லவரா என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எடை போடும்போதே ஒருவர் 52ஐ 25 என்று பதிந்தால் எந்தக் கையெழுத்தும் காப்பாற்றாது. தராசு முள்ளை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதோடு, நான்கு எண் காட்டும் அந்தப் பட்டியலையும் கையெழுத்தோடுதான் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் யாராவது 'மேடு 9,000' என்று ஒரு பொய்ப் பட்டியலை விட்டுவிட்டுப் போவார், எல்லா டேப்லெட்டும் இல்லாத சீட்டைத் தேடி மின்கலத்தைத் தீர்க்கும்.

கேள்வி: தவறாகப் பதிந்துவிட்டால் எப்படித் திருத்துவது? டேப்லெட் தண்ணீரில் விழுந்து புதிது வாங்கினால் எண் மறுபடி 1லிருந்து தொடங்கிவிடாதா?
– கட்டபெட்டு வாசகி

பதில்: ஷெட்டில் வேலை பார்த்தவர் கேட்கும் கேள்வி இது.

திருத்தம் சுலபம். 47ஐ அழிக்கக் கூடாது, யாரிடமெல்லாம் அது போய்ச் சேர்ந்ததோ அவர்களிடம் அது இருந்துகொண்டேதான் இருக்கும். 48ஆம் சீட்டில் '47ல் 52 என்றது தவறு, 25 என்று கொள்க' என்று எழுதுங்கள். கார்பன் சீட்டிலும் அடித்தல் திருத்தல் இருந்தால் ஏஜென்ட் வாங்க மாட்டார், நினைவிருக்கிறதா? பழையதும் இருக்கும், திருத்தமும் இருக்கும், யார் எப்போது திருத்தினார் என்பதும் இருக்கும்.

இரண்டாவது கொஞ்சம் கடினம். எண் பட்டியலில் எப்போதும் பெரிய எண்தான் வெல்லும். புது டேப்லெட் மேட்டின் பெயரில் 1, 2, 3 என்று எழுத ஆரம்பித்தால், மற்றவர்கள் 'எங்களிடம் 47 வரை இருக்கிறதே' என்று அதைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். நாள் முழுக்கப் பதிந்ததும் வெளியே போகாது. இதைவிட மோசம், ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சீட்டு உலவ ஆரம்பிக்கும்.

புது டேப்லெட் எழுதத் தொடங்கும் முன் அண்டையாரிடம் தன் பழைய எண்ணைக் கேட்டுக்கொள்வது ஒரு வழி. ஆனால் பழைய டேப்லெட் 48, 49 எழுதி யாருக்கும் காட்டும் முன் ஓடையில் விழுந்திருந்தால், அண்டையார் 47 என்றுதான் சொல்வார்கள். அந்த இரண்டு சீட்டின் காகித நகல் விவசாயியின் கையில் இருக்கும், ஆனால் புது 48 வேறாகிவிடும். அதனால்தான் ஸ்டேட் வெக்டரின் பிந்தைய வடிவத்தில் பெயரோடு, அந்தக் கருவி எப்போது புதிதாகத் தொடங்கியது என்ற நேரத்தையும் சேர்த்துவிட்டார்கள். மேடு, இந்தத் தேதி இந்த மணிக்குத் தொடங்கியது, சீட்டு 1. பழைய மேட்டின் 47ம் அப்படியே இருக்கும், புது மேட்டின் 1ம் தனியாக நிற்கும், இரண்டும் மோதாது.

அப்பாவின் ஷெட்டில் புத்தகம் மாறும்போது அட்டையில் சிவப்பு மையில் 'பு. 2' என்று எழுதிவிட்டுத்தான் 1ஐத் தொடங்குவார். உங்கள் செயலியில் அந்த நேரக் குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் புது டேப்லெட்டுக்கு 'மேடு-2' என்று பெயர் வைத்து இன்றைக்கே எழுத ஆரம்பிக்கலாம்.